திரையில் காட்டும் எண்ணும் காட்டாத எண்ணும்

கிரிக்கெட் நடக்கும் இரவுகளில் பொத்தேரியில் ஒரு வேடிக்கை உண்டு. ஜி.எஸ்.டி. சாலைக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் பக்கத்தில் இருக்கும் அடுக்குமாடி வீடுகளில் எஸ்.ஆர்.எம். மாணவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறார்கள். கீழ் வீட்டில் ஒரு குடும்பம் டிஷ் வைத்த டிவியில் மேட்ச் பார்க்கிறது. மேல் மாடியில் நாலு பேர் ஒரே லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து இணையத்தில் அதே மேட்சைப் பார்க்கிறார்கள். லேப்டாப்பில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடி வரவே ஆரம்பிக்கவில்லை. கீழ் வீட்டிலிருந்து "அய்யோ...!" என்று ஒரு சத்தம். மாடியில் உடனே ஒருவன், "மச்சி, விக்கெட் போச்சுடா" என்கிறான். அடுத்த அரை நிமிஷம் நாலு பேரும், தண்டனை என்னவென்று தெரிந்துவிட்ட பிறகு தீர்ப்பு வாசிப்பதைக் கேட்பவர்களைப் போல உட்கார்ந்திருக்கிறார்கள்.

"லைவ்" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறதே, பிறகு ஏன் இந்தத் தாமதம்? இணையத்தில் வரும் படம் குழாய்த் தண்ணீர் போல ஒரே ஒழுக்காக வருவதில்லை. சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாரிக்கப்பட்டு, பல ஊர் சர்வர்கள் வழியாக வருகிறது. வந்த துண்டை உடனே ஓட்டாமல் இரண்டு மூன்று துண்டுகள் சேர்ந்த பிறகுதான் பிளேயர் ஓட்ட ஆரம்பிக்கும். இதெல்லாம் கூடித்தான் அந்தத் தாமதம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எத்தனை நொடி தாமதம் என்பது பிளேயருக்குத் தெரியும். திரையில் அதைச் சொல்வதில்லை.

அதே திரையில் வேறு ஓர் எண்ணை மட்டும் பெரிதாகக் காட்டுகிறார்கள். இந்த நொடியில் எத்தனை கோடிப் பேர் பார்க்கிறார்கள் என்ற எண்!

இந்த எண்ணுக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில், தோனி ரன் அவுட் ஆன அந்த நியூசிலாந்து மேட்சில், ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் 2.53 கோடிப் பேர் இருந்தார்கள். 2023 ஐ.பி.எல்.லை ஜியோசினிமா இலவசமாகக் காட்டியபோது, தோனி பேட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாலே திரையில் எண் மேலே ஏறுவதை எல்லோரும் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 17 சென்னை - பெங்களூரு மேட்சில் அது 2.4 கோடி. சென்னை ஜெயித்த இறுதிப்போட்டியில் 3.2 கோடி. பிறகு 2023 நவம்பர் 19, உலகக் கோப்பை இறுதிப்போட்டி, ஹாட்ஸ்டாரில் 5.9 கோடி. அன்றைக்கு எந்த எண்ணும் யாருக்கும் ஆறுதலாக இல்லை என்பது வேறு விஷயம்.

2025 பிப்ரவரியில் நடந்த சாம்பியன்ஸ் டிராபி இந்தியா - பாகிஸ்தான் மேட்சில் ஜியோஹாட்ஸ்டார் எண் 60.2 கோடி என்று வந்தது. ஒன்றேகால் வருஷத்தில் பத்து மடங்கா என்று வாயைப் பிளக்க வேண்டாம். இது 'வியூஸ்' கணக்கு. ஒரே ஆள் பஸ்ஸில் ஒரு முறை, வீட்டுக்கு வந்து ஒரு முறை, பவர் கட் ஆகி வந்த பிறகு ஒரு முறை திறந்தால், ஒரு தலைக்கே பல வியூஸ் சேரும். முந்தைய கணக்கு ஒரே நொடியில் உள்ளே இருப்பவர்களின் தலைக்கணக்கு. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். ஆனால் திரையில் பார்க்கிறவருக்கு எண் எண்தானே, பெரிதாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கூட்டக் கணக்கு யாருக்காக? விளம்பரம் கொடுப்பவருக்காக. பங்குதாரருக்காக. மறுநாள் செய்தித்தாளுக்காக. பொத்தேரி மாடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இன்னும் 5.9 கோடிப் பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்து ஆவதொன்றுமில்லை. (கொஞ்சம் சிலிர்ப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. தேர்த்திருவிழாவில் நிற்கும் சிலிர்ப்பு.) அவனுக்கு வேண்டியவை வேறு. படம் ஏன் மங்குகிறது? தப்பு வைஃபையிலா, லேப்டாப்பிலா? இன்றைய டேட்டாவில் எவ்வளவு போயிற்று? நிஜத்துக்கு எத்தனை நொடி பின்னால் இருக்கிறோம்? இதற்கெல்லாம் விடை பிளேயருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதைக் கொண்டுபோய்ப் பரண் மேல் வைத்திருக்கிறார்கள்.

யூடியூபில் அந்தப் பரணுக்கு ஏணி உண்டு. கணினியில் வீடியோ மேல் வலது க்ளிக் செய்தால் கடைசியில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். கைப்பேசியில் முதலில் செட்டிங்ஸுக்குள் போய் அதை இயக்கிவிட வேண்டும், பிறகு வீடியோவின் மெனுவில் வரும். நெட்ஃபிளிக்ஸில் இன்னும் ரகசியம். கணினியில் கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், டி நாலையும் ஒன்றாக அழுத்த வேண்டும். வீணை வாசிக்கக் கற்றவர்களுக்கு எளிதாக வரும் :-)

அந்தப் பெயரைப் பாருங்கள். 'நெர்ட்' என்றால் கல்லூரி பாஷையில் 'பழம்'. பழங்களுக்கான புள்ளிவிவரம்! இது உனக்கு இல்லையப்பா, நீ போய் வீடியோ பார் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பும் பெயர். மின்வாரிய மீட்டருக்கு 'மின்பொறியாளர்களுக்கான எண்' என்று பெயர் வைத்து மூடி போட்டிருந்தால் எப்படி இருக்கும்?

திறந்தால் கறுப்புப் பெட்டியில் வரிசையாக எழுத்தும் எண்ணும். முதல் பார்வைக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று வரி தெரிந்தால் போதும், மற்றதை விட்டுவிடலாம்.

ஒன்று, 'பஃபர் ஹெல்த்'. இதைப் புரிந்துகொள்ள தெற்குப் புறநகரில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிதான் அது. மோட்டார் போட்டால் தொட்டி நிறையும், குழாயைத் திறந்தால் குறையும். தொட்டியில் தண்ணீர் இருக்கும் வரை மோட்டார் நின்றாலும் குளியல் நடக்கும். பிளேயர் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும் படம் இன்னும் எத்தனை நொடிக்கு வரும் என்பதை இந்த வரி சொல்கிறது. முப்பது நாற்பது நொடி இருந்தால் கவலையில்லை. அது இறங்கி இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தால் அந்த வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். அப்போது தப்பு நெட்டில்.

இரண்டு, 'டிராப்டு ஃப்ரேம்ஸ்', அதாவது விழுந்துபோன சட்டங்கள். தொட்டி நிறைந்திருக்கிறது, ஆனாலும் படம் விக்கி விக்கி ஓடுகிறது, இந்த எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால் தப்பு நெட்டில் இல்லை, லேப்டாப்பில். படத்தை விரித்துக் காட்ட அதற்கு மூச்சு போதவில்லை. அண்ணனிடமிருந்து வந்த பழைய லேப்டாப்பில் ஏவி1 போன்ற புதிய வகை வீடியோ ஓடும்போது, அதை விரிக்கும் தனிச் சில்லு இல்லாததால் மொத்த வேலையும் பிராசசர் தலையில் விழுகிறது. மின்விசிறி உறுமுவது அதனால்தான். தரத்தை ஒரு படி குறைத்தால் சரியாகிவிடும்.

மூன்று, இப்போது ஓடும் அளவும் ஓடவேண்டிய அளவும் அடுத்தடுத்து இருக்கும் வரி. தொட்டி நிறைந்திருக்கிறது, சட்டமும் விழவில்லை, படம் மட்டும் மங்கல் என்றால் இங்கே பார்க்க வேண்டும். எப்போதோ டேட்டா மிச்சம் பிடிக்க 240பி என்று வைத்துவிட்டு மறந்திருப்பார்கள்.

நேரலை என்றால் கூடவே 'லைவ் லேட்டன்சி' என்று ஒரு வரி வரும். நிஜத்துக்கு எத்தனை நொடி பின்னால் என்பது. கீழ் வீட்டு "அய்யோ"வுக்கான விடை அதுதான். கிரிக்கெட் காட்டும் செயலிகள் இந்த எண்ணைக் கூட்டக் கணக்குக்குப் பக்கத்திலேயே சின்னதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இதையெல்லாம் பழங்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. நாலு பேர் ஒரு வைஃபைக்குக் காசு போட்டு வாழும் வீட்டில் வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் நடப்பது என்ன? "எவன்டா டவுன்லோட் போட்டிருக்கான்?" என்று ஒரு சண்டை. பாதி நேரம் யாரும் எதுவும் போட்டிருக்க மாட்டார்கள், சொந்த லேப்டாப்பே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். சிலர் நெட்தான் காரணம் என்று நம்பி மாதம் இருநூறு ரூபாய் அதிகம் கொடுத்து வேகமான பிளானுக்கு மாறுகிறார்கள். படம் பழையபடியே விக்குகிறது. அந்த ஒரு வரி கண்ணில் பட்டிருந்தால் இருநூறு ரூபாய் மிச்சம்.

காசு என்றதும் பெட்ரோல் பங்க் ஞாபகம் வருகிறது. அங்கே பைக் நின்றதும் முதல் வார்த்தை, "சார், ஜீரோ பாத்துக்கோங்க". போடுகிறவரும் பார்க்கிறார், போட்டுக்கொள்கிறவரும் பார்க்கிறார். எண் ஏறுவது இருவர் கண்ணெதிரே நடக்கிறது. வீடியோவில் அந்த ஜீரோ எங்கே? ஒரு நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் நல்ல தரத்தில் ஒரு படம் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு இரண்டே கால் ஜிபி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி பேக் போட்டவருக்கு அது நாற்பது நிமிஷம்தான் வரும். பாதி டேட்டா தீர்ந்தது என்று குறுஞ்செய்தி வரும்போது பெட்ரோல் கீழே கொட்டி முடிந்திருக்கும்.

இந்தக் கணக்கைப் பார்வையாளர் கையில் கொடுப்பதற்குப் பதில், இருந்ததையும் கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிறார்கள். 2021 ஏப்ரல் வரை யூடியூப் செயலியில் தரத்தைத் தொட்டால் 144, 240, 360, 480 என்று எண்கள் நேராகத் தெரியும். அதற்குப் பிறகு முதலில் தெரிவது 'ஆட்டோ', 'உயர்ந்த தரம்', 'டேட்டா சேமிப்பு' என்ற வார்த்தைகள். எண் வேண்டுமென்றால் இன்னொரு கதவைத் தட்ட வேண்டும். உயர்ந்த தரம் என்றால் எவ்வளவு உயரம்? தோசை என்ன விலை என்று கேட்டால் 'நியாயமான விலை' என்று பதில் சொல்வது போலத்தான் இதுவும்.

2020 மார்ச்சில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். ஊரடங்கு தொடங்கும் சமயம், மார்ச் 24 அன்று, வீடியோ நிறுவனங்கள் எல்லாம் கூடிப் பேசி கைப்பேசி நெட்வொர்க்கில் 480பிக்கு மேல் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தன. நாடே வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரே நேரத்தில் நெட்டை இழுக்கப் போகிறது என்பதால் எடுத்த முடிவு, சரியான முடிவு. ஆனால் அது செய்தித்தாளில் வந்ததே தவிர, தரத்தைத் தொட்டவருக்கு அந்தப் பட்டியலிலேயே காரணம் எழுதிக் காட்டப்படவில்லை. 720 எங்கே போனது என்று தேடியவர்கள் தங்கள் போன்தான் பழுது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு வரி போட்டிருக்கலாம்.

இனி, பார்வையாளர் கையில் உண்மையிலேயே இருக்கும் பொத்தான்களைப் பற்றி. வேகப் பொத்தான்!

பொத்தேரியில் இதன் உண்மையான பரீட்சைக்கூடம் சினிமா அல்ல, என்.பி.டி.இ.எல். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து 2003இல் ஆரம்பித்த பாட வீடியோத் திட்டம். இதை ஒருங்கிணைப்பது முப்பது கிலோமீட்டர் வடக்கே இருக்கும் சென்னை ஐ.ஐ.டி. 2014 முதல் தேர்வு எழுதிச் சான்றிதழும் வாங்கலாம். தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பவர்களில் இந்த வீடியோக்களைத் தொடாமல் பட்டம் வாங்கியவர் அரிது. சரி, தொடுவது எப்படி? பரீட்சைக்கு முதல் நாள் இரவு, இரண்டு மடங்கு வேகத்தில்.

"டேய், மொத்தப் பாடத்தையும் டூ எக்ஸ்ல முடிச்சிட்டேன்டா" என்பது இப்போது ஒரு பெருமை. முடித்தது வீடியோவைத்தான், பாடத்தை அல்ல. பேராசிரியர் பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதத் திரும்பும் அந்த இருபது நொடி இருக்கிறதே, பலர் அதைத்தான் வீண் நேரம் என்று ஓட்டிவிடுகிறார்கள். அந்த இருபது நொடியில்தான் மாணவன் முந்தைய வரியைத் தன் நோட்டில் எழுத வேண்டும், அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று யோசிக்க வேண்டும். அதை வெட்டி எறிந்தால் மிஞ்சுவது குரல் மட்டும், அதுவும் கீச்சிட்ட அவசரத்தில். ஒரு முறை ஒழுங்காகப் பார்த்த பாடத்தைத் திருப்பிப் பார்க்க இரண்டு மடங்கு வேகம் நல்லதே. முதல் தடவைக்கு அது ரயில் ஜன்னலில் ஊர்ப் பெயர்ப் பலகை படிப்பது போல.

வேகத்துக்கு இன்னொரு விலையும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் தொட்டியும் இரண்டு மடங்கு வேகத்தில் காலியாகும். மொத்த டேட்டா அதேதான், ஆனால் மோட்டார் இரட்டிப்பாக இறைக்க வேண்டும். பொத்தேரியில் ஏறி தாம்பரம் போகும் மின்சார ரயிலில், கூடுவாஞ்சேரி தாண்டியதும் சாதாரண வேகத்தில் ஓடிய வீடியோ டூ எக்ஸில் மட்டும் நின்று நின்று வருவதன் காரணம் இதுதான். வேகம் கூட்டி நேரம் மிச்சப்படுத்தியவர் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்.

2019இல் நெட்ஃபிளிக்ஸ் இந்த வேகப் பொத்தானைச் சோதித்துப் பார்த்தபோது ஜட் அபடோ, பிராட் பேர்ட் போன்ற ஹாலிவுட் இயக்குநர்கள் கொதித்தார்கள், எங்கள் படத்தின் காலத்தை எவனோ மாற்றுவதா என்று. அடுத்த ஆண்டு பொத்தான் வந்துவிட்டது. இயக்குநர்களின் வருத்தம் புரிகிறது. ஆனால் பார்ப்பவர் கையில் இருக்கும் பொத்தானைப் பிடுங்குவது தீர்வாகாது. வேகம் குறைக்கவும் அதே பொத்தான்தான் உதவுகிறது. ஆங்கிலம் இப்போதுதான் பழகும் முதலாண்டு மாணவருக்கு 0.75 வேகமும் கீழே ஓடும் எழுத்தும் பெரிய உதவி. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்தான் யாருமில்லை.

இதைவிட நல்ல பொத்தான்கள் விசைப்பலகையில் தூங்குகின்றன. யூடியூபில் 'ஜே' அழுத்தினால் பத்து நொடி பின்னால், 'எல்' அழுத்தினால் பத்து நொடி முன்னால், 'கே' நிறுத்தும். நிறுத்திய பிறகு காற்புள்ளி விசையும் முற்றுப்புள்ளி விசையும் ஒவ்வொரு சட்டமாக நகர்த்தும். பேராசிரியர் மறைத்துக்கொண்டு நிற்கும் பலகையில் அவர் நகரும் அந்த ஒரு நொடியைப் பிடிக்க இதைவிட வேறு வழியில்லை. ஒரு செமஸ்டரில் இந்த 'ஜே'யை அதிகம் தேய்த்தவர்தான் உண்மையில் படித்தவர்.

சாதாரண ஜனங்களுக்கு இத்தனை எண்களைக் காட்டினால் குழம்பிவிடுவார்கள், அதனால்தான் மறைக்கிறோம் என்பார்கள் நிறுவனங்கள். முழுதாகத் தள்ளிவிட முடியாத வாதம். களைத்து வந்து பாட்டுக் கேட்கும் அம்மாவுக்குக் கறுப்புப் பெட்டி எதற்கு? ஆனால் இந்த ஊர் ஜனங்கள் ஆன்டெனா காலத்தைப் பார்த்தவர்கள். 1975இல் சென்னைத் தொலைக்காட்சி வந்த பிறகு, மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்புவார், கீழே ஒரு பையன் டிவி முன்னால் நின்று "இன்னும் கொஞ்சம்... ஆங், வந்துடுச்சு, விடாதீங்க மாமா!" என்று கத்துவான். அலைவரிசை பற்றி அந்த மாமா எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. படம் ஏன் வரவில்லை என்பது அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, அதனால் கற்றுக்கொண்டார். அதே ஜனங்களுக்கு 'தொட்டியில் 12 நொடி, இதுவரை 310 எம்பி, நிஜத்துக்கு 28 நொடி பின்னால்' என்று ஓரத்தில் மூன்று எண் போட்டால் குழம்பிவிடுமா? வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும், அதற்கும் ஒரு பொத்தான் வைத்தால் போயிற்று.

2021 நவம்பரில் யூடியூப் இன்னொரு எண்ணையும் எடுத்துவிட்டது. கட்டைவிரல் கீழே காட்டும் பொத்தான் இருக்கிறது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பது வீடியோ போட்டவருக்கு மட்டும் தெரியும். கும்பல் சேர்ந்துகொண்டு சின்னச் சின்ன ஆட்களை நோகடிப்பதைத் தடுக்க என்றார்கள். காரணத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் தப்பும் தவறுமாகக் கணக்குப் போட்டுக் காட்டும் பாட வீடியோவை உள்ளே போவதற்கு முன்பே அடையாளம் காட்டிய எண்ணும் அதோடு போயிற்று. சிலர் பிரவுசரில் தனி நீட்சி போட்டு உத்தேச எண்ணைப் பார்த்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் கீழே பின்னூட்டங்களைத் துழாவுகிறார்கள். அங்கே முகம் தெரியாத எவனோ ஒரு மாணவன், "12:40ல மைனஸ் குறி விட்டுப்போச்சு, பாத்து எழுதுங்க" என்று போட்டிருப்பான். அந்த 12:40ஐத் தொட்டால் வீடியோ நேராக அந்த வரிக்கே போய் நிற்கும்.